துண்டு விழும் கணக்கு

ஆர்தேஸில், மூடிப்போன பால்பண்ணையின் நிலவறைதான்
எங்கள் ஆய்வுக்கூடம்.
பாலாடைக்கட்டி வாசம் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை.
வரிசையாகப் பதினெட்டுப் புனல்.
ஒவ்வொன்றின் வாயிலும் சல்லடை,
சல்லடைமேல் ஒரு கைப்பிடி மலைமண்,
அதற்கும் மேலே
நாற்பது வாட் விளக்கு.

மண் மேலிருந்து காயத் தொடங்கும்.
உள்ளிருப்பவை ஈரம் தேடி, இருட்டு தேடி
கீழே கீழே இறங்கும்.
கீழே இருப்பது எரிசாராயம்.

திங்கட்கிழமை வந்து நான் எண்ணுவேன்.

தென்காசியில் பதினோரு வருஷம்
வங்கிக் கூண்டுக்குள் பணம் எண்ணிய விரல்.
ஈரப்பஞ்சைத் தொட்டுத் தொட்டு நோட்டு புரட்டிய அதே விரல்
இப்போது நுண்ணோக்கிக்கடியில் ஊசிமுனையால்
ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறது
ரவையில் பாதிகூட இல்லாத உடம்புகளை.
ஆறு கால். வெள்ளை. பலதுக்குக் கண்ணே கிடையாது.
சிலதுக்கு வாலடியில் மடக்கிய கவை ஒன்று;
உயிரோடிருந்தால்
தொட்டதும் தெறித்திருக்கும்.
ஜெர்மனில் இதற்குப் பெயர் உண்டு.
ரொமான்ஷில் உண்டா என்று மத்லேனா
அவள் அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.
அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.
நான் துள்வாலி என்று வைத்துக்கொண்டேன்.
பெயர் தெரியாத எதையும்
எனக்கு எண்ண வராது.

பிப்ரவரியில் ஒருநாள் மண் எடுக்க நானும் ஏறினேன்.
சரிவு முழுக்கப் பழுப்புப் புல்.
பனி இருக்க வேண்டிய இடத்தில் வெயில்.
பரவாயில்லையே, என்றேன்,
இதுகளுக்கு இந்த வருஷம் குளிராது.
மத்லேனா பதில் சொல்லவில்லை.
இரும்புக்குழாயைத் தரையில் ஓங்கி இறக்கினாள்.
ணங்.
கோயில் மணியை உலக்கையால் அடித்த மாதிரி.

ஒரு ஆள் உயரப் பனி விழுந்தால்
அதனடியில் மண் உறையாமல் கிடக்குமாம், மார்கழி முழுக்க,
போர்த்திக்கொண்டு தூங்குகிற பிள்ளைபோல.
போர்வையை உருவிவிட்டால்
இரவின் குளிர் நேரே எலும்புக்குப் போகிறது.
உலகம் சூடாகிறது,
அதனால் மண் விறைக்கிறது.
இன்னொருமுறை சொல், என்றேன்.
சொன்னாள்.
அப்புறமும் எனக்குக் கொஞ்சநேரம் பிடித்தது.

ஏழாம் எண் மண்.
போன வருஷம் முந்நூற்றுப் பன்னிரண்டு.
இந்த வருஷம் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
பெரிய வித்தியாசமில்லை என்றுதான் நினைத்தேன்,
ஊசியால் பிரித்து வைக்கும்வரை.
தடித்த உருவங்களைக் காணோம்.
கடுகைப் பொடித்துத் தூவினதுபோல்
பொடிசுகள் மட்டும் தட்டு நிறைய.
கட்டு அதே பருமன்தான்;
ஐந்நூறு இருந்த இடத்திலெல்லாம்
பத்து ரூபாய்த் தாள்.

வங்கியில் துண்டு விழுந்தால்
ஷட்டரை இறக்கிவிட்டுத் தேடுவோம்.
இழுப்பறை, குப்பைக்கூடை, மின்விசிறி தள்ளிய மூலை.
ஒருமுறை இரண்டாயிரம் கிடைக்கவேயில்லை.
என் சம்பளத்தில்தான் பிடித்தார்கள்.
கோபம் வந்தது, ஆனால் ஒரு நிம்மதியும் இருந்தது.
கணக்கு நேரானது.
இந்த இலையுதிர்ந்த சருகை இனி யார் மெல்லுவது,
யார் மண்ணாக்குவது,
அந்தக் குறையை யார் சம்பளத்தில் பிடிப்பது?

இருநூற்றுத் தொண்ணூற்றெட்டையும்
கொன்றது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.
விளக்கைப் போட்டது இந்தக் கை.
சூடு வந்தால் விலகு:
அதற்குத் தெரிந்தது அவ்வளவு.
விலகின வழியில் கண்ணாடிக் குப்பியை வைத்தோம்.
மலையில் யாரும் குப்பி வைக்கவில்லை.
ஆனாலும்.

பேனா எழுத்தை எரிசாராயம் கரைத்துவிடும்,
அதனால் சீட்டில் பென்சில்தான்.
தேதி. உயரம். ஈரம். எண்ணிக்கை.
வங்கிப் படிவத்தில் கடைசிக் கட்டம்
‘குறைவு’ என்றிருக்கும்.
இதில் அந்தக் கட்டம் இல்லை.
கோடு போட்டு நானே ஒன்று வரைந்தேன்,
சற்றுக் கோணலாக.
என்ன எழுதுவதென்று தெரியாமல் நிற்கிறேன்,
எட்டாம் விளக்கு
தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கிறது.